பணம் ஒதுக்காத தொழிற்கல்விக்குப் பெயர் குலக்கல்வி



முதலில் ஒரு பூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

28 ஆண்டுகள் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொது இயந்திரவியல் நடத்தினேன். ஊருக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "லேத் குரூப்" என்றுதான் சொல்வார்கள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு இன்னொருவரைப் போடவில்லை. ஆசிரியர் இல்லை என்று அடுத்த ஜூனில் சேர்க்கையை நிறுத்தினார்கள். சேர்க்கை இல்லை என்று குரூப்பையே எடுத்தார்கள். பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இரண்டு லேத்தும் அப்படியே நிற்கின்றன. ஒன்றின் மேல் பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். இரும்பைப் பிடிக்கிற சக்கில் துரு ஏறி, தாடைகள் மூன்றும் செம்மண் நிறமாகிவிட்டன. தினமும் சாயங்காலம் எண்ணெய்த் துணியால் பிள்ளைகள் துடைத்து வைத்த மெஷின் அது.

என் பள்ளியில் மட்டும் நடந்தது என்றால் இந்த மேடையில் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அவரோடு அந்தக் குரூப்பும் வீட்டுக்குப் போகிறது. எத்தனையோ மாவட்டங்களில் இதுதான் நடக்கிறது. பிறகு, "மாணவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதுகிறார்கள். ஆர்வம் குறையவில்லை ஐயா! கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வர ஆள் இல்லை என்று எழுதாதீர்கள்!

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கியபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அதே ஆண்டு, மேல்நிலையில் தொழிற்கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் அறிக்கை தந்த குழுவுக்குத் தலைவர் நம் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா. யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர். அந்த அறிக்கையின் தலைப்புக்கு நம் தமிழில் பொருள், செய்வதற்குக் கற்றல். 1986-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 சதவீதம், 1995-க்குள் 25 சதவீதம் பேர் தொழிற்பிரிவில் இருக்க வேண்டும் என்று எழுதியது. எழுதியதோடு சரி. கெடு வந்தபோது ஆண்டைத் தள்ளிவைத்தார்கள், போதிய பணத்தைப் போடவில்லை.

பணம் என்று நான் சொல்வது என்ன? கோடிக் கணக்கைப் பிறகு பேசுவோம். ஒரு வகுப்பறைக் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். வேதியியல் பாடம் கரும்பலகையில் பாதியாவது நடக்கும். லேத் பாடம் கரும்பலகையில் நடக்காது. ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு எம்.எஸ். ராடு வேண்டும். அதை அவன் கெடுக்க வேண்டும். கெடுத்த பிறகு இன்னொரு துண்டு வேண்டும். டூல் முனை உடையும், வேறு டூல் வேண்டும். மெஷின் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். எனக்கு மூலப்பொருளுக்கு வந்த தொகையில் நாற்பது பிள்ளைக்கு இரும்பு வாங்கினால் தீபாவளி வரைகூடத் தாங்காது. பக்கத்துப் பட்டறைகளில் போய் நின்று வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவும் கிடைக்காத மாதங்களில் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் லேத்தின் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, கலர் பென்சில் தீட்டினார்கள். ஒரு வருஷம் முழுக்கத் தண்ணீரையே பார்க்காமல் நீச்சல் கற்றதாகச் சான்றிதழ் வாங்கினால் அது என்ன சான்றிதழ்? இப்போது ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. வரட்டும், நல்லது. ஆனால் திரையில் ஓடுகிற லேத், கைக்கு எதையும் சொல்லிக்கொடுக்காது.

கைக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்கிறீர்களா? ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். சலவைத் தொழிலாளி வீட்டுப் பெண். லேத் குரூப்பில் பெண் எதற்கு என்று பள்ளியிலேயே சிலர் கேட்டார்கள். முதல் மாதம் சக் சுற்றுகிற சத்தத்துக்கே பின்னால் நகர்ந்து நிற்பாள். டிசம்பரில் ஒரு நாள் ராடில் மரை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று பேசாமல் பார்த்தேன். டூல் ராடில் உரசியதும் தலையைச் சற்றுச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள். சத்தம் சரியில்லை என்று மெஷினை நிறுத்தி, டூலைக் கழற்றி, கிரைண்டரில் தீட்டி, மறுபடி மாட்டினாள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதன் பிறகு வந்த சுருள், ஒரே சீராக, வாழை நார் மாதிரி உரிந்து வந்தது. வெட்டி முடித்து, துடைத்து, நட்டைப் போட்டு விரலால் சுண்டிவிட்டாள். நட்டு தானாகச் சுற்றிக்கொண்டே அடிவரை இறங்கி நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு டிப்ளமோ படித்து, இன்று பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறாள். அவள் வீட்டில் லேத் இல்லை. அவள் தெருவில் இல்லை. அவள் சாதியில் யார் வீட்டிலும் இல்லை. அரசுப் பள்ளியில் இருந்தது. அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள்!

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் என்னைத் தடுப்பார்கள். "தொழிற்கல்வி என்கிறாயே, அது குலக்கல்விக்குப் பின்வாசல் இல்லையா? பணக்காரப் பிள்ளை டாக்டருக்குப் படிக்க, நம் பிள்ளை ஸ்பானர் பிடிக்க வேண்டுமா?" அந்தக் கோபம் நியாயமானது. அந்தக் கோபம்தான் என்னையும் படிக்கவைத்தது. அதனால் இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1953-இல் ராஜாஜி முதலமைச்சர். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் வீட்டுத் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார். 1954-இல் காமராசர் வந்தார், திட்டம் போனது. இதன் சாதிப் பக்கத்தை நாம் எழுபது ஆண்டுகளாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். கணக்குப் பக்கத்தைப் பேசுவதில்லை. அந்தத் திட்டத்துக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, காசு இல்லை என்பது. இருக்கிற கட்டடத்தையும் இருக்கிற வாத்தியாரையும் வைத்துக் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம். பட்டறை கட்ட வேண்டாம், அப்பன் வீடே பட்டறை. கருவி வாங்க வேண்டாம், அப்பனின் கத்தியும் உளியும் போதும். சொல்லிக்கொடுக்கிறவருக்குச் சம்பளம் வேண்டாம், அப்பனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? அரசு ஒரு ரூபாயும் போடாத இடத்தில் பிள்ளைக்கு அப்பன் தொழிலைத் தவிர வேறென்ன கிடைக்கும்?

செருப்புத் தைப்பவர் வீட்டில் மில்லிங் மெஷின் இருக்காது. முடிதிருத்துபவர் வீட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றிப் பழக வழி இருக்காது. வயல் இல்லாதவர் பிள்ளை வேளாண்மை படிக்க, அரசு நிலம்தான் வேண்டும். பொதுப் பணம்தான் தொழிலைச் சாதியிலிருந்து வெட்டி எடுக்கிற கத்தி. அந்தப் பணத்தை நிறுத்திவிட்டால் தொழில் மறுபடி அப்பனிடமிருந்து மகனுக்கு, தெருவிலிருந்து தெருவுக்கு என்று பழைய வாய்க்காலிலேயே போகும். குலக்கல்வியை எதிர்க்கிறவன் பட்டறைக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும், மூடச் சொல்லக் கூடாது. ஆறாம் வகுப்புக் குழந்தையைத் தொழிலுக்குப் பிரிப்பதை நானும் எதிர்க்கிறேன். பத்து வருஷம் எல்லாரோடும் சேர்ந்து ஒரே பாடம் படித்து முடித்த 16 வயதுப் பிள்ளை, தானே விரும்பிக் கேட்கிற குரூப்பைப் பற்றித்தான் பேசுகிறேன். அதைப் படித்தவருக்குக் கல்லூரிக் கதவும் திறந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தே கேட்கிறேன்.

டெல்லிக்கு வருவோம். 2020 கல்விக் கொள்கை, 2025-க்குள் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வி அனுபவம் கிடைக்கும் என்றது. ஜெர்மனியில் 75 சதவீதம், தென்கொரியாவில் 96 சதவீதம் தொழிற்கல்வி பெற்றவர்கள், இங்கே 5 சதவீதம்கூட இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனியில் எப்படி வந்தது அது? பயிற்சிப் பிள்ளைக்குக் கம்பெனி மாதாமாதம் ஊதியம் கொடுக்கிறது. அவர் வாரத்தில் ஓரிரு நாள் போகிற தொழிற்பள்ளியை அரசுப் பணம் நடத்துகிறது. இங்கே? பள்ளிக் கல்விக்கான ஒன்றிய நிதியில், தொழிற்கல்விக்கும் பங்கு உள்ள நிதியில், அந்தக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. கொள்கையில் சண்டை இருந்தால் கொள்கையில் போடுங்கள். பிள்ளையின் பட்டறையில் ஏன் கை வைக்கிறீர்கள்?

சென்னையையும் கேட்கிறேன். டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பித்தீர்கள். ரோபோவும் சி.என்.சி.யும் வந்தன. மனதாரப் பாராட்டுகிறேன். அதே ஊரில், ஐ.டி.ஐ.க்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற மேல்நிலைப் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் போட முடியாதா? 2012-இல் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தீர்கள். தையலும் கணினியும் ஓவியமும் விளையாட்டும் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் அவர்கள். பணி நிரந்தரம் கேட்டு எத்தனை முறை சென்னையில் தெருவில் உட்கார்ந்தார்கள்! கைத்தொழில் சொல்லிக்கொடுக்கிறவர் அரைச் சம்பளக்காரர் என்றால், அந்தப் பாடமும் அரைப் பாடம் என்றுதானே பிள்ளை நினைக்கும்?

தனியார் முகமை வழியாகப் பயிற்றுநர் வருவார், செலவு மிச்சம் என்று சொல்லாதீர்கள். ஒப்பந்தம் முடிந்தால் அவர் போய்விடுவார். ஒரு பிள்ளையின் கை பழக இரண்டு வருஷம் ஆகும். அந்த இரண்டு வருஷமும் பக்கத்தில் நின்று பார்க்கிற ஒரே ஆள் வேண்டும்.

பெற்றோர்களே, அந்த மூலையில் மேசை போட்டிருக்கிறோம். மனுவில் மூன்று வரிதான். இந்த வட்டாரத்தில் மூடிய தொழிற்பிரிவுகளைத் திறக்க வேண்டும், ஜூன் சேர்க்கைக்கு முன் நிரந்தர ஆசிரியர் வேண்டும், மூலப்பொருளுக்கு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு வேண்டும். அம்மாக்களும் கையெழுத்துப் போடுங்கள். வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். காலை எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். என் பெட்டியில் அந்தப் பெண் வெட்டிய போல்ட்டும் நட்டும் இன்னும் இருக்கின்றன. எடுத்துக்கொண்டு வருகிறேன், கலெக்டர் ஒருமுறை சுண்டிப் பார்க்கட்டும்.