மாரடைப்புக்குப் பின் மனத்துக்கும் மருந்து



மாரடைப்பிலிருந்து மீண்டு பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியர் மாத்திரையைத் தவறாமல் போடுவார். ஆனால் படியேறும்போது நெஞ்சு படபடத்தால், 'மறுபடியும் வந்துவிட்டதோ' என்று நடுங்குவார். அந்தப் பயத்தில் மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியையே விட்டுவிடுவார். உடல் தளரும், பயம் வளரும். இது கோழைத்தனம் அல்ல; இதற்குச் சிகிச்சை உண்டு.

பயமூட்டும் எண்ணத்தை எழுதிச் சரிபார்ப்பது, மருத்துவர் அனுமதிக்கும் அளவில் விட்ட வேலைகளைச் சிறிது சிறிதாகத் தொடங்குவது ஆகியவை அதன் படிகள். சுவீடனில் மாரடைப்புக்குப் பின் பதற்றமோ மனச்சோர்வோ இருந்த 239 பேரிடம் இதை இணைய வழியில் சோதித்தார்கள். 2018இல் வெளியான முடிவில், வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. பலர் பாடங்களைத் தொடரவே இல்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் பிள்ளை படித்துவிடுமா? தொடர்ந்து செய்யச் சொல்ல அருகில் ஓர் ஆள் வேண்டும்.

நம் மாநிலத்தில் 2022 அக்டோபரில் தொடங்கிய 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீட்டில் இருந்தபடியே தமிழில் மனம்விட்டுப் பேசலாம். ஆனால் நெஞ்சுவலி வந்தால், 'வெறும் பயம்தான்' என்று நாமே முடிவுகட்டாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

மீண்டு வந்த சக ஆசிரியரிடம் "உடம்பு எப்படி இருக்கு சார்?" என்று கேட்கிறோம். "மனசு எப்படி இருக்கு?" என்றும் கேட்போம்.