ஊர்மிளையின் பதினான்கு ஆண்டுகள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அடியேன் புலவனல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா. ஆயினும் இராமகதையைப் பேச எல்லார்க்கும் உரிமை உண்டு என்னும் துணிவினால் இம்மேடை ஏறினேன்.

இராமன் காடேக வேண்டும் என்ற ஆணை பிறந்த அன்று, அயோத்தியில் இரண்டு இளம் மனைவியர்முன் ஒரே கேள்வி எழுந்தது. ஒருத்தி சீதை. 'நீ இங்கேயே இரு' என்று கணவன் சொன்னபோது அவள் வாதாடினாள், வென்றாள், உடன் சென்றாள். மற்றொருத்தி இலக்குவன் மனைவியாகிய ஊர்மிளை. இலக்குவன் தமையனிடம் இசைவு பெற்றான். தாய் சுமித்திரையிடம் விடை பெற்றான். மனைவியிடம் ஒரு சொல் கேட்டானா? வான்மீகி முனிவர் அதனைக் கூறவில்லை. மணப்பெண்ணாகக் காட்டிய ஊர்மிளையை அவர் வாய் திறக்கவே விடவில்லை. கம்பரின் பெருங்காப்பியத்திலும் அவள் துயருக்கெனத் தனியிடம் இல்லை.

இக்குறையைக் கண்டு வருந்தியவர்கள் உண்டு. கவி தாகூர், காவியங்கள் புறக்கணித்த பெண்களைப் பற்றி எழுதிய வங்கக் கட்டுரையில் ஊர்மிளைக்காக இரங்கினார். 1908-இல் மகாவீர் பிரசாத் துவிவேதி அதே குறையை இந்தியில் எடுத்துரைத்தார். பின்னர் மைதிலி சரண் குப்தர் 'சாகேத்' என்னும் காவியம் இயற்றினார். அதன் பன்னிரண்டு சருக்கங்களுள் ஒன்பதாவது சருக்கம் ஊர்மிளையின் பிரிவுத் துயருக்கே உரியது.

ஆனால், புலவர்கள் எழுதியது ஒருபுறம் இருக்க, பெண்கள் தம் வீட்டுக்குள்ளேயே இக்கேள்வியைப் பாட்டாகப் பாடி வந்திருக்கின்றனர். ஆந்திர நாட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் 'ஊர்மிளாதேவி நித்திரை' என்ற பாட்டைக் கேளுங்கள். கணவன் பிரிந்ததும் ஊர்மிளை உறங்கிவிடுகின்றாள். பதினான்கு ஆண்டுகள் அந்த உறக்கம் கலையவில்லை. இலங்கைப் போர் முடிந்து எல்லாரும் திரும்பிய பிறகும் இலக்குவன் அண்ணனுக்குப் பணி செய்துகொண்டே நிற்கின்றான். அவனை அனுப்பிவைக்கும்படி சீதைதான் இராமனுக்கு நினைவூட்டுகின்றாள். வந்து எழுப்பும் கணவனை ஊர்மிளைக்கு அடையாளம் தெரியவில்லை. அயலான் என்றெண்ணிக் கடிந்துரைக்கின்றாள். பதினான்கு ஆண்டுப் பிரிவு ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்ல முடியும்?

கிழக்கு வங்கத்தில் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சந்திராவதி என்னும் அம்மையாரும் ஓர் இராமாயணம் பாடினார். அதில் சீதையே தன் கதையைச் சொல்கின்றாள். போர்ச் செய்திகள் சுருங்கிவிடுகின்றன.

நம் தமிழிலும் இக்கேள்வி எழுந்தது. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943-இல் வெளிவந்தது. சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்ன செய்தி கேட்ட அகலிகை, அதில் மீண்டும் கல்லாகின்றாள். ஒடியா மொழியில் பிரதிபா ராய் 1984-இல் 'யாக்ஞசேனி' எழுதி, திரௌபதியைத் தன் வாழ்வைத் தானே சொல்ல வைத்தார். தெலுங்கில் ஓல்கா எழுதிய 'விமுக்த' 2015-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அதில் சூர்ப்பணகை, அகலிகை, ஊர்மிளை முதலியோரைச் சீதை சந்தித்து உரையாடுகின்றாள்.

'தெய்வக் கதையை மாற்றலாமா?' என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகின்றான். கம்பர் அதற்கு மனம் ஒப்பாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்ததாகப் பாடினார். அதனால் இராமகதைக்கு யாதொரு குறைவும் நேரவில்லை. மூலத்தின்மேல் அன்புள்ளவரே அதில் விடுபட்டதைத் தேடிப் பார்ப்பர்.

அன்பர்களே! ஊர்மிளை அயோத்தியில் மட்டுமா இருக்கின்றாள்? நம் காலனியைப் பாருங்கள். கணவனுக்கு மாற்றல் ஆணை வருகின்றது. பிள்ளையின் படிப்பு கெடக் கூடாதென்று மனைவி குவார்ட்டர்ஸிலேயே தங்குகின்றாள். ரேஷன் கடை வரிசையும், மாமியாரின் மருந்தும், பழக்கமில்லாத மொழியில் பள்ளி ஆசிரியரோடு பேச்சும் அவள் தலைமேல்தான். விடுப்பில் வரும் கணவனைக் கண்டால், 'அங்கே சாப்பாடு எப்படி? தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?' என்று ஆளுக்கு ஆள் விசாரிக்கின்றோம். வனவாசம் போனவனுக்குத்தான் கதை; வீட்டில் இருந்தவளுக்கு இல்லை. அவளை விசாரித்தவர் எத்தனை பேர்?

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் மேடையில் ஆண்டுதோறும் புராண நாடகம் நடக்கின்றது. அரிதாரம் பூசுபவர்களில் பெண்கள் உண்டு. வசனம் எழுதுபவர்களில் இல்லை. அடுத்த ஆண்டு விழாவில் ஊர்மிளையின் கதையை நாடகமாக்குவோம். அதனை நம் தாய்மார்களே எழுதட்டும். அண்டை வீட்டுத் தெலுங்கு மாதரிடம் பாட்டையும், வங்க மாதரிடம் கதையையும் கேட்டறியட்டும். அவர்கள் எழுதும் வசனம் நம்மைச் சுடுமாயினும், திருத்தாமல் அரங்கேற்றுவோம்.

ஊர்மிளை பேசட்டும், நாம் முன்வரிசையில் அமர்ந்து கேட்போம்.