இணையத் திரையில் கணக்குச் சூத்திரம்: ரங்கூனில் கண்டது



வானொலியில் கணக்குச் சூத்திரத்தைப் பற்றிப் பேச வருவது கொஞ்சம் அசட்டுத் துணிச்சல்தான். எழுதிக் காட்ட வழியில்லை. ஆனால் நான் சொல்ல வந்ததும் அந்தச் சிரமத்தைப் பற்றித்தான்.

2018 டிசம்பரில் யாங்கோன் போயிருந்தேன். நம்மில் பலருக்கு அது இன்னும் ரங்கூன்தான். 1964-க்குப் பிறகு எங்கள் வீட்டில் பாதிப்பேர் கப்பலேறி வந்துவிட்டோம். அக்கா குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. அனவ்ரதா சாலைக் காளியம்மன் கோவிலுக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு. அக்காவின் பேத்தி அப்போது மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். டியூஷன் ஆசிரியர் பயிற்சிக் கணக்குகளை ஓர் இணையப் பக்கத்தில் போட்டுவிடுவார். பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துப் போட வேண்டும்.

"தாத்தா, கே 3-ன்னா எனக்கு 7 வருது. விடையில 16-ன்னு இருக்கு. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். எனக்குக் கணக்கே வராது போலிருக்கு" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். திரையில் இரண்டு, கே, கூட்டல் குறி, ஒன்று, நான்கும் ஒரே வரிசையில் நின்றன. அப்படிப் பார்த்தால் 7 சரியான விடைதான். ஆசிரியர் கொடுக்க நினைத்ததோ, 2-இன் தலைமேல் "கே கூட்டல் 1" முழுவதும் அடுக்காக ஏறிய சூத்திரம். அதன் விடை 16. கே மட்டும் மேலே ஏறியிருந்தால் 9. நான்கே குறிகள், மூன்று விடைகள். ஆசிரியர் தம் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியபோது எழுத்துகள் வந்துவிட்டன, அவை நின்ற உயரம் வரவில்லை. குற்றம் பிள்ளையுடையதல்ல என்று புரியவைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

கணக்கு எழுத்து மற்ற எழுத்தைப் போலல்ல. கடிதத்தை இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டு போகலாம். சூத்திரத்தில் மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் பொருள் உண்டு. பின்னத்தின் கோடு எதுவரை நீள்கிறது, மூலக்குறியின் கூரை எதை மூடுகிறது என்பதெல்லாம் கணக்கின் பகுதி. இணையப் பக்கங்களோ முதலில் வரிவரியான எழுத்துக்காக வந்தவை. அதனால் வெகுகாலம் சூத்திரத்தைப் படமாக்கி ஒட்டினார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் பெரிதாக்கினால் மங்கும், தேடினால் கிடைக்காது. பார்வையற்ற பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அந்த இடத்தில் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப்போகும். விளக்கம் எழுதிச் சேர்த்தால்தான் மேற்கொண்டு சொல்லும். எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

ரங்கூன்காரர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. பர்மிய எழுத்திலேயே இதை அனுபவித்தவர்கள் அவர்கள். நம் "கெ"யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ ககரத்துக்குப் பின்னால்தான் வருகிறது. பர்மிய மொழியிலும் அப்படி ஒரு குறி உண்டு. யூனிகோடு முறை ஒலி வரிசைப்படி எழுத்தை முதலிலும் குறியை அடுத்தும் சேமிக்கிறது. ஸோஜி என்ற எழுத்துரு கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமித்தது. 2014-இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து சிம் அட்டை மலிவானபோது ஸோஜியும் கைப்பேசியோடு வீடுவீடாகப் போயிற்று. ஒருவர் எழுதியது இன்னொருவர் திரையில் குப்பையாகத் தெரிந்தது. கடைசியில் 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுக்கு மாறுவதென்று அரசே நாள் குறித்தது. நம் தமிழிலும் டிஸ்கி, டாப், டாம் என்று எழுத்துருவுக்கு எழுத்துரு அல்லாடியது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

இடையில் ஒரு சேதி. ரங்கூன் மொகல் தெருவில், இன்றைய ஷ்வே பொந்தா தெருவில், தொழில் நடத்திய நம் செட்டியார்களின் கணக்கில் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று, முந்திரி, அதாவது முந்நூற்று இருபதில் ஒன்று என்று பின்னங்கள் உண்டு. அந்தப் பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 2019 மார்ச்சில்தான். தாத்தா வீட்டுக் கணக்குப் புத்தகம் பரணில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சூத்திரத்துக்கும் முறையான வழி உண்டு. மேத்.எம்.எல் என்று பெயர். 1998 ஏப்ரலில் இணையத் தரநிர்ணய அமைப்பான டபிள்யூ3சி அதை ஏற்றது. இது அடிமானம், இது அடுக்கு, இது பின்னத்தின் மேல், இது கீழ் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு வைப்பார்கள். வரைவது உலாவியின் வேலை. பயர்பாக்ஸ் நெடுங்காலமாக இதைச் செய்துவருகிறது. குரோம் 2013 தொடக்கத்தில் ஒரு பதிப்பில் சேர்த்தது, அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டது. பத்து வருடம் அப்படியே போயிற்று. உலகத்தில் பெரும்பாலோர் கையில் இருந்ததோ குரோம்தான். இகாலியா என்ற ஸ்பெயின் நாட்டுக் கூட்டுறவுக்காரர்கள் உழைத்து, 2023 ஜனவரியில் குரோம் 109-ஆம் பதிப்பில் அது திரும்ப வந்தது.

அந்த இடைக்காலத்தில் உதவியது 2010-இல் வந்த மேத்ஜாக்ஸ். நல்ல கருவி, இலவசம். ஆனால் பொதுவாகப் பக்கம் திறக்கும்போது வேறொரு கணினியிலிருந்து அதன் நிரலையும் இறக்கியாக வேண்டும். 2021 பிப்ரவரிக்குப் பின் யாங்கோனில் இணையம் அடிக்கடி நின்றபோது, கைப்பேசியில் சேமித்துவைத்த பக்கங்களிலும் சூத்திரம் வரவேண்டிய இடத்தில் டாலர் குறியும் சாய்கோடும்தான் தெரிந்தன என்று பேத்தி சொன்னாள். மேத்.எம்.எல் பக்கத்துக்குள்ளேயே இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு அனுப்புகிற நேயர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குறுஞ்செய்தியில் அனுப்பும்போது அடுக்குக்கு முன்னால் தொப்பிக் குறி போட்டு, மேலே ஏறவேண்டியதை அடைப்புக்குள் போடுங்கள். 2^(கே+1) என்றால் யாரும் 7 என்று போடமாட்டார்கள். பின்னத்துக்கும் மேலும் கீழும் தனித்தனி அடைப்பு. பக்கமாகப் போடுவதானால், லிப்ரே ஆபீஸின் சூத்திரப் பகுதியில் எழுதி மேத்.எம்.எல்லாகச் சேமிக்கலாம். போட்ட பிறகு வேறொருவர் கைப்பேசியில், முடிந்தால் பழைய கைப்பேசியில், ஒருமுறை திறந்து பாருங்கள்.

நான் பேத்திக்கு இன்றைக்கும் அடைப்புக் குறி போட்டுத்தான் அனுப்புகிறேன். "தாத்தா, இவ்வளவு அடைப்பா?" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.