கண்ணீர் மட்டும் காவல் ஆகாது

(ஆழிப்பேரலை நினைவு நாளான டிசம்பர் 26 அன்று, கல்முனையில் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

    

மாண்டவர்களுக்காக இரண்டு நிமிடம் மௌனம் காத்தோம். ஆண்டுதோறும் இந்நாளில் காலை 9.25 தொடக்கம் 9.27 வரை நாடு முழுவதும் இவ்வாறு மௌனம் காக்கும் வழக்கம் 2005 முதல் நிலைபெற்றிருக்கிறது. அந்த மௌனம் மரியாதைக்குரியது. ஆயினும், எஞ்சிய முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களிலும் நாம் மௌனமாகவே இருந்துவிடுகிறோமே, அது தகுமா என்று கேட்கவே இம்மேடையில் ஏறினேன்.

நடந்ததை நீங்கள் அறிவீர்கள். எனினும் இங்கு அமர்ந்திருக்கும் இளைஞர் பலர் அன்று பிறக்கவில்லை. அவர்கள்பொருட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம், பாடசாலை விடுமுறைக் காலம். அன்றைய நம் கடிகாரப்படி காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் முன்பாகச் சுமாத்திராத் தீவின் வடமேற்கே கடலடி நிலம் பிளந்து உயர்ந்தது. உலகம் கருவிகொண்டு அளந்த மிகப் பெரிய பூமியதிர்ச்சிகளுள் அதுவும் ஒன்று. அங்கிருந்து புறப்பட்ட நீர் நம் கிழக்குக் கரையை வந்தடைய ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் சென்றது. அதன் பின் நிகழ்ந்தவற்றை பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்ப்பெயர்களாகவே சொல்லவேண்டியிருக்கிறது. இலங்கையில் இறந்தோரும் காணாமற்போனோரும் 35,000க்கு மேற்பட்டோர். அவர்களுள் 10,000க்கு மேற்பட்டோர் நம் அம்பாறை மாவட்டத்தவர். இந்நாட்டில் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை அன்று பறிகொடுக்கவில்லை.

பெரியோர்களே! அந்த இரண்டு மணி நேரத்தைச் சிந்தித்துப் பாருங்கள். கடற்கரையிலிருந்து பிரதான வீதியைக் கடந்து வயற்பக்கம் போய்ச் சேர ஒரு கிழவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அரை மணி நேரம் தாராளம். பசிபிக் சமுத்திரத்துக்கு ஹவாயில் ஓர் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கோ அன்று அப்படியொன்று இல்லை. செய்தி வரவில்லை. ஆகவே அரை மணி நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய தூரம், ஆயிரமாயிரம் பேருக்குக் கடக்கவொண்ணாத தூரமாகிவிட்டது.

உலகத்தைக் குறைசொல்லிவிட்டு இத்தோடு அமர்ந்துவிடலாம். ஆனால் என் மனச்சாட்சி அதற்கு இடந்தரவில்லை. நான் பூகோளம் கற்பித்தவன். எரிமலை எவ்வாறு வெடிக்கிறது, யப்பான் கரையை எவ்வகை அலை தாக்குகிறது என்றெல்லாம் கரும்பலகையில் படம் வரைந்து காட்டியவன். பரீட்சையில் அக்கேள்விக்குச் சரியாக விடை எழுதிய பிள்ளைகளுக்குப் புள்ளியும் போட்டவன். ஆனால், ‘கடல் என்றைக்காவது தன் இயல்பு மாறி ஏறினாலும் வற்றினாலும், நின்று பாராதே, படுவான் பக்கம் ஓடு’ என்ற ஒரு வாக்கியத்தை நான் ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. யப்பானின் அலை நம் வாசற்படிக்கு வரும் என்று எனக்கே தோன்றவில்லை. 2005ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பாடசாலை மீண்டும் திறந்த அன்று, பழைய வரவுப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டேன். சில பெயர்களுக்கு மறுமொழி வரவில்லை. ஒரு பெயருக்குப் பின்வாங்கிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, “அவன் மவுத்தாகிட்டான் சேர்” என்றான். சொல்லிவிட்டு, தான் பிழைத்ததற்கு வெட்கப்பட்டவன்போலத் தலைகுனிந்து நின்றான். அந்தத் தலைகுனிவு அவனுடையதன்று, என்னுடையது. அன்று தொடங்கி இன்றுவரை அதைத்தான் நான் சுமந்து வருகிறேன்.

தோழர்களே! இக்கரைக்கு அப்படியொரு அலை அதற்குமுன் வந்ததேயில்லையா? வந்திருக்கிறது. 1883 ஓகஸ்ட் 27இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்துச் சிதறியபோது எழுந்த அலை, இந்து சமுத்திரத்தைக் கடந்து இலங்கையையும் தொட்டது. அந்த அலையில் இத்தீவில் உயிரிழந்ததாகப் பதிவானவள் ஒரு பெண். அவள் எந்த ஊரில் மாண்டாள்? கொழும்பிலா? காலியிலா? இல்லை. பொத்துவிலுக்குத் தெற்கே, இதே அம்பாறைக் கரையிலுள்ள பாணமையில்! ஒரே கரை, ஒரே கடல். இடையே 121 ஆண்டுகள். அந்தப் பெண்ணின் சாவை நம் பாட்டன்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்களா? அது கதையாயிற்றா? தாலாட்டாயிற்றா? ஆகவில்லை. அது ஏட்டில் உறங்கியது. நாம் கரையில் உறங்கினோம்.

அதே சுமாத்திராவுக்கு அருகே சிமலூ என்றொரு சிறு தீவு உண்டு. 2004இல் அதிர்ந்த நிலத்துக்கு மிக அண்மையில் இருப்பது. அங்கும் 1907இல் ஓர் அலை வந்து ஊர்களை அழித்தது. தப்பியவர்கள் அதை மறக்கவிடவில்லை. ‘ஸ்மோங்’ என்று அதற்கொரு பெயரிட்டனர். நிலம் வலுவாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று, பாட்டிலும் கதையிலும் வைத்து, பேரன் பேர்த்தி வரைக்கும் ஊட்டி வளர்த்தனர். 97 ஆண்டுகளுக்குப் பிறகு அலை திரும்பி வந்தது. ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் ஏழு பேர். கேளுங்கள், ஏழே பேர்! அங்கே எச்சரிக்கைக் கோபுரம் இருக்கவில்லை. பாட்டியின் வாய்ச்சொல் இருந்தது. அவர்கள் தம் மாண்டோருக்காக அழுதார்கள். அந்த அழுகையை அறிவாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

நமக்குச் சொல் இல்லாமற் போயிற்றா? ‘கடற்கோள்’ என்ற சொல்லைப் பழந்தமிழன் நமக்கு வைத்துவிட்டுப் போனான். புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை சொல்கிறது. ஆனால் நாமோ அதைப் பழம்பெருமை பேசும் மேடைக்கு அணியாக்கினோமே தவிர, பிள்ளையின் உயிருக்கு அரணாக்கவில்லை. பொருள் மறந்த சொல் உமி. அதில் அரிசி இல்லை என்பது உழவர்களாகிய உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதற்காகச் சிமலூவின் பாடத்தை அப்படியே நகல் எடுக்கவும் முடியாது. அவர்களுக்கு முதலில் நிலம் அதிர்ந்து அறிவிக்கும். நமக்கோ அதிர்ச்சி வெகு தொலைவில். நம் காலடியில் கோப்பைத் தேநீரும் அசையாது. நமக்கு எச்சரிக்கை இரண்டே வழியில் வரும். ஒன்று, வெளியிலிருந்து வரும் செய்தி. மற்றது, கடலே காட்டும் மாற்றம். அந்த மாற்றமும் எப்போதும் வற்றலாக இராது. வற்றாமலே முதலில் ஏறியும் வரலாம். அலையும் ஒன்றோடு நின்றுவிடாது. பின்னால் வருவது முன்னதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். முதல் அலை வடிந்ததும் பொருள் எடுக்கத் திரும்பிப் போகிறவன், அடுத்த அலைக்கு எதிரே போகிறான் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்கவேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். இந்த மாவட்டத்து முகாம்களில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களினதைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று கண்டது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் நிலை அதனினும் கொடிது. ஏன்? தாய் வீட்டுக்குள் இருந்தாள். ஓடும்போது இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளைச் சுமந்து ஓடினாள். நீந்த அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கடலோரத்திற் பிறந்து, கடலோரத்தில் வாழ்ந்து, நீந்தத் தெரியாமல் மடிவது விதியன்று, நம் அசட்டை. மார்க்கத்துக்கும் மரபுக்கும் ஒத்தவாறு, பெண் பிள்ளைகளுக்கெனத் தனித் தடாகமும் பெண் ஆசிரியையும் ஏற்பாடு செய்ய நம்மால் ஆகாதா? மாடிமேல் மாடி கட்டத் தெரிந்த ஊர்களுக்கு இது ஆகாத காரியமா?

நீரில் மூழ்கி இறந்தோர் ஷஹீதுகள் என்பது இஸ்லாமியரின் நம்பிக்கை. அது மாண்டோருக்குக் கிடைத்த மேன்மை. இருப்போருக்கு அது சாக்காகிவிடக் கூடாது.

அரசியல் பேசாமலும் இருக்க முடியாது. கடல் ஆள்பார்த்து அடிக்கவில்லை. கல்முனைக்குடி முஸ்லிமும் பாண்டிருப்புத் தமிழனும் ஒரே நீரில் மாண்டனர். தப்பியோடியவர்களை உள்ளூர்க் கிராமங்கள் பள்ளிவாசலையும் கோயிலையும் பாடசாலையையும் திறந்து ஏற்றுக்கொண்டன. சம்மாந்துறையின் உலைகள் அன்று யாருக்கெனக் கேட்டுச் சோறு வடிக்கவில்லை. பின்னரோ, சேர்ந்திருந்தவர்களைத் தனித்தனி வரிசையில் நிறுத்தின அரசியல் கணக்குகள். 2005 ஜூன் 24இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் மீள்கட்டுமானத்துக்கான பொதுக்கட்டமைப்பில் கைச்சாத்திட்டபோது, இக்கரையில் பேரிழப்புக்கு ஆளான முஸ்லிம் மக்கள் ஒப்பமிடும் தரப்பாக இருக்கவில்லை. அடுத்த மாதமே அதன் முக்கிய பகுதிகளை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. தென்கரையில் 100 மீற்றர் என்றும் வடகிழக்கில் 200 மீற்றர் என்றும் கடலோரத் தடை வலயம் வகுத்தனர். கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் நம் ஊர்களில், அந்த 200 மீற்றரில் வாழ்ந்தவன் எங்கே போவான் என்று எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் எழுந்த 500 வீடுகள், பங்கீட்டுப் பிணக்காலும் வழக்காலும் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிப் பூட்டிக்கிடந்து காடு படர்ந்தன. வீடிழந்தவன் ஒருபுறம், ஆளில்லா வீடு மறுபுறம். கடல் செய்த அழிவுக்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. மனிதர் செய்த தாமதத்துக்கு ஆண்டுகளும் போதவில்லை.

நன்மை ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொல்லேன். 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு அமைந்தது. கரைகளிற் கோபுரங்கள் நாட்டப்பட்டன. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் கடலடி அதிர்ந்தபோது செய்தி உடனே வந்தது. மக்கள் கரையைவிட்டு வெளியேறினர். நல்லவேளையாகப் பேரலை வரவில்லை. ஆனால் இரும்புக் கோபுரம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். மின்சாரம் நிற்கும். அன்று வெளியேறியவர்கள் 2004ஐக் கண்ணாற் கண்டவர்கள். கண்ட தலைமுறை மறைந்தபின் யார் ஓடுவார்கள்?

ஆகவே மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, பெயர். பத்தாயிரம் என்பது தொகை. தொகைக்காக எவனும் அழமாட்டான். ஒவ்வொரு ஊரும், தெருத் தெருவாக, மாண்டோரின் பெயரையும் வயதையும் வாழ்ந்த வளவையும் ஒரே ஏட்டில் எழுதட்டும். பள்ளிவாசலுக்கொன்று, கோயிலுக்கொன்று என்று பிரிக்காமல் ஊருக்கொரு ஏடு. அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே இது நடந்தாகவேண்டும்.

இரண்டாவது, பாடம். ஒவ்வொரு பாடசாலையும் ஆண்டுக்கொரு நாள் பிள்ளைகளைக் கடற்கரையிலிருந்து படுவான் பக்கம் நடத்திச் செல்லட்டும். எந்த ஒழுங்கை அகலம், எது முட்டுச்சந்து, எந்தப் பாலம் ஒடுங்கியது என்பதைப் பிள்ளையின் கால்கள் அறியட்டும்.

மூன்றாவது, பொறுப்பு. வயலில் நீர் காக்க வட்டவிதானை இருக்கிறார். வாய்க்கால் உடைந்தால் யார் யாருக்குச் சொல்வது என்பது நமக்குத் தெரியும். கடலுக்கும் தெருவுக்கொருவர் இருக்கட்டும். நடக்கமாட்டாத முதியவர் எந்த வீட்டில், கைக்குழந்தை எந்த வீட்டில் என்பதை அவர் அறிந்திருக்கட்டும்.

இதற்குப் பெருநிதி வேண்டாம். மந்திரியின் கையொப்பம் வேண்டாம். நம் மனம் வேண்டும்.

பெரியோர்களே! 1978 நவம்பரில் வீசிய சூறாவளியை நம் பெரியவர்கள் இன்றும் ஆண்டுக்கணக்குக்கு அடையாளமாகச் சொல்வார்கள். ‘சூறாவளி அடிச்ச வருசம்’ என்றால் போதும். வானம் கறுத்தால் என்ன செய்வதென்று அந்த வீட்டுக்குத் தெரியும். ஆழிப்பேரலையும் அவ்வாறே இக்கரையின் பேச்சில் நிலைக்கவேண்டும்.

இன்று அஸருக்குப் பின் பலர் மையவாடிக்குப் போவீர்கள். வேறு சிலர் கடற்கரையில் விளக்கேற்றுவீர்கள். வீடு திரும்பியதும் உங்கள் பேரப்பிள்ளையை அருகே அழையுங்கள். மாண்ட ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள். பிறகு, கடல் மாறினால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று கேளுங்கள். பிள்ளை கையை மேற்கே நீட்டுமானால், மாண்டவர்களுக்கு நாம் பட்ட கடனில் ஒரு காசேனும் தீர்ந்தது என்று கொள்வேன்.