உபாத்தியாயருக்குப் பயிற்சியா, சடங்கா?

(ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நான் காலேஜில் படித்தவனல்ல. சொந்தத்தில் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

இன்றைய விஷயம், சர்வகலாசாலைகளின் கல்வி இலாகாக்களில் உபாத்தியாயர்களைத் தயார் செய்வது எப்படி என்பதாகும்.

நம் நாட்டில் வெகுகாலமாகச் சொல்லிக்கொடுக்கும் வேலை பிறப்பினால் வருவதென்று கருதப்பட்டு வந்தது. குருவின் பிள்ளை குரு. அவர் சொன்னதை மற்றவன் மனப்பாடம் செய்யவேண்டியது. ஏன் என்று கேட்டால் பாவம். உபாத்தியாயர் பிறப்பதில்லை, பயிற்சியினாலேயே உண்டாக்கப்படுகிறார் என்பதைச் சட்டம் இன்று ஒப்புக்கொண்டுவிட்டது. 2015-ல் பி.எட். படிப்பு இரண்டு வருஷமாக்கப்பட்டபோது, அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்திலேயே பழகவேண்டும் என்றும் விதி செய்தார்கள். நல்ல விதிதான். ஆனால் நடப்பு என்ன?

எல்லா இடத்திலும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பல இடங்களில், போன வருஷத்து மாணவர் எழுதிய பாடக்குறிப்பு நோட்டை இந்த வருஷத்து மாணவர் பார்த்து எழுதுகிறார். கலர் மையில் கோடு போடுகிறார். பேராசிரியர் ஒருநாள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அன்றைக்குக் கேட்கப்போகிற கேள்வியும் சொல்லவேண்டிய பதிலும் பிள்ளைகளுக்கு முதல்நாளே தெரிந்திருக்கிறது! அர்த்தம் தெரியாத மந்திரத்தைப் புரோகிதர் சொல்ல, வீட்டுக்காரர் திருப்பிச் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இது பயிற்சியா, சடங்கா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நிற்க, வேறு வழி உண்டா என்றால், உண்டு. அதை நூறு வருஷத்துக்கு முன்பே செய்தும் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் சிகாகோ சர்வகலாசாலைக்கு 1894-ல் ஜான் டூயி என்ற பேராசிரியர் வந்து சேர்ந்தார். தத்துவம், மனோதத்துவம், போதனாமுறை ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு. ரசாயனத்துக்குப் பரிசோதனைச்சாலை இருப்பதுபோலக் கல்வி இலாகாவுக்கும் ஒன்று வேண்டும், அது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடமாகத்தான் இருக்கமுடியும் என்பது அவர் கொள்கை. 1896-ல் 16 பிள்ளைகளை வைத்து ஆரம்பித்தார். 1902-ல் 140 பிள்ளைகளும், 23 உபாத்தியாயர்களும், உதவிக்குச் சர்வகலாசாலை மாணவர்கள் 10 பேரும் இருந்தார்கள்.

அங்கே பாடம் நடந்த விதத்துக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். பிள்ளைகளிடம் பருத்தியையும் ஆட்டு ரோமத்தையும் கொடுத்தார்கள். கொட்டையிலிருந்து பஞ்சைக் கையாலேயே பிரித்தார்கள். அரைமணி நேரம் பாடுபட்டும் ஓர் அவுன்சு கூடத் தேறவில்லை! தங்கள் முன்னோர்கள் பருத்தியை விட்டுக் கம்பளி உடுத்திய காரணத்தைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொண்டார்கள். நம் கரிசல்காட்டுப் பிள்ளைக்குப் பருத்தி புதிதல்ல. ஆனால் அவன் கைக்குத் தெரிந்ததைப் பற்றி நம் வகுப்பில் கேட்பார் யார்?

உபாத்தியாயர் பயிற்சியிலே இரண்டு வகை உண்டென்று டூயி 1904-ல் எழுதினார். வகுப்பைச் சத்தமில்லாமல் வைத்திருக்கும் வித்தையைக் கைப்பழக்கமாகக் கற்றுக்கொள்ளுவது ஒன்று. பிள்ளையின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்து அறிவது மற்றொன்று. முன்னதை மட்டும் கற்றவர் சீக்கிரம் கெட்டிக்காரர்போலத் தோன்றுவார், பிறகு வளரமாட்டார். அதே வருஷத்தில் சர்வகலாசாலை நிர்வாகத்தோடு ஏற்பட்ட தகராறினால் டூயி கொலம்பியாவுக்குப் போய்விட்டார். அங்கே அவரிடம் பாடம் கேட்டவர்களில் நமது டாக்டர் அம்பேத்கர் ஒருவர். டூயிக்குத் தாம் பெரிதும் கடன்பட்டிருப்பதாக 1936-ல் அவரே எழுதியிருக்கிறார்.

அது பணக்கார நாட்டுச் சங்கதி, அங்கே படித்ததும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தானே என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். அதனால்தான் நமது பரிசோதனைச்சாலை ஏழைப் பிள்ளைகள் வருகிற சர்க்கார் பள்ளிக்கூடமாக இருக்கவேண்டும் என்கிறேன். பயிற்சி ஸ்தாபனம் ஒவ்வொன்றோடும் பரிசோதனைச்சாலையாக ஒரு பள்ளிக்கூடத்தை இணைக்கவேண்டும் என்று, சுப்ரீம் கோர்ட்டு நியமித்த நீதிபதி வர்மா கமிஷனும் 2012-ல் சொல்லியிருக்கிறது.

பேராசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வைத்தியக் காலேஜில் பேராசிரியர் நோயாளியைத் தாமே பார்க்கிறார். மாணவன் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுகிறான். பிள்ளைகள் முன் நின்று இருபது வருஷமான ஒருவர், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் விதத்தை எப்படிப் போதிப்பது? வாரத்துக்கு ஒருநாளாவது அவர் ஐந்தாம் வகுப்பில் பாடம் எடுக்கட்டும். மாணவர்கள் பின்னால் உட்கார்ந்து குறைகளை எழுதட்டும். குரு தவறு செய்யமாட்டார் என்பது புராணம். செய்த தவறைக் கண்டு திருத்துவதுதான் விஞ்ஞானம்.

இதில் கெட்டுப்போகிறது யார் தெரியுமா? பணக்காரன் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது. கூலிக்காரன் பிள்ளைக்கு அந்த ஒரு உபாத்தியாயரை விட்டால் வேறு யாருமில்லை. சொல்லிக்கொடுக்கத் தெரியாமல் தோற்றவர் உபாத்தியாயர். ஆனால் "படிப்பு இவன் தலையில் எழுதவில்லை" என்று பழி பிள்ளையின் தலையில் விழுகிறது. அவனைப் பெற்றவர்களும் அதை நம்பி மாடு மேய்க்க அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகவே தோழர்களே! நோட்டைப் பார்த்து எழுதுவதை நிறுத்துங்கள். இன்று எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை, ஏன் புரியவில்லை, நாளை எதை மாற்றிப் பார்ப்பது என்ற மூன்றையும் தினம் எழுதுங்கள். தலையெழுத்து என்பதைப் பொய்யாக்கும் வேலை உங்கள் கையில் இருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.