சிறுநீரகம் கேட்பதற்கு முன்



புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ ஒரு தோட்டத்து வீட்டில் ஒருவருக்கு டயாலிசிஸ் தொடங்கினால், வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கூட்டிக்கொண்டு போகிறவரின் அன்றைய சம்பளமும் போய்விடும். சில மாதங்களில் அந்தப் பேச்சு எழும்: "நம்மில் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் என்ன?"

கொடுக்கலாம். மலேசியாவின் முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1975-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தபோது, கொடுத்தவர் நோயாளியின் உடன்பிறந்தவர்தான். எஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பெரிதாகி, பெரும்பாலான வேலையைத் தானே ஏற்றுக்கொள்ளும். இருந்தாலும் இது அறுவைச் சிகிச்சை. ஆபத்து குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. நான்கு முதல் ஆறு வாரம் ஓய்வு வேண்டும். செம்பனைக் குலை தூக்குகிறவர் அதற்கு மேலும் பொறுக்க வேண்டியிருக்கும். அத்தனை வாரம் வீட்டுச் செலவை யார் பார்ப்பது? இதைத்தான் முதலில் பேச வேண்டும். நாமோ கடைசியில்தான் பேசுகிறோம்.

இனிப்புநீர் உள்ளவர் கொடுக்க முடியாது. தாய் தகப்பன் இருவருக்கும் அது இருந்து, பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுதான் என்றால், இன்று இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இல்லாவிட்டாலும் மருத்துவர்கள் தயங்குவார்கள். பின்னாளில் அவருக்கே வந்துவிடலாம் அல்லவா?

இளம் பெண்களுக்கு வரும் சந்தேகம், கொடுத்த பிறகு பிள்ளை பெறலாமா என்பது. பெறலாம். குறைந்தது ஓராண்டு பொறுக்கச் சொல்வார்கள். கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு சற்று அதிகம்; கவனமாகப் பார்க்க வேண்டும்.

நம் குடும்பங்களில் கேள்வி யாரிடம் போகிறது? அம்மாவிடம், மனைவியிடம், கல்யாணமாகாத தங்கையிடம். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, "நீ என்னம்மா சொல்றே?" என்றால் அவள் என்ன சொல்வாள்! அதனால்தான் கொடுப்பவரைத் தனியே உட்கார வைத்துப் பேசுகிறார்கள். அங்கே அவர் "எனக்கு மனம் இல்லை" என்றால், குடும்பத்தாரிடம் "இவர் பொருத்தமில்லை" என்று மட்டும் சொல்லி, காரணத்தை வெளியே விடாமல் காப்பது பல நாட்டு மருத்துவமனைகளில் உள்ள வழக்கம். அறுவைக் கூடத்துக்குப் போகும் நிமிடம் வரையிலும் மனம் மாறலாம். அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

கொடுத்தவர் ஆயுள் முழுக்க ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தம், சிறுநீர், இரத்தம் மூன்றையும் சோதிக்க வேண்டும். நோயாளிக்கு மருந்து வாங்கப் போகும் நாளில் இவரையும் கூட அழைத்துப் போங்கள்.