நம்ம பொடி ஏன் கூகுள்ல வரல?

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க குழு இட்லி பொடிக்கு வெப்சைட் போட்டு மூணு மாசம் ஆகியும் ஒரு ஆர்டர்கூட வரல. அப்போ ஒருத்தர் போன் பண்ணி, "ஆறாயிரம் கட்டுங்க, கூகுள்ல முதல் இடத்துல வர வைக்கிறேன்"னார். கட்டச் சொன்னது நான்தான். அது குழுவோட சேமிப்புப் பணம். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்குது, அப்புறம்தான் படிச்சேன். காசு கட்டி வர்ற விளம்பரம் வேற, தேடும்போது தானா வர்றது வேற.

குறை எங்க பக்கமும் இருந்துச்சு. தலைப்புல "அன்னையின் கைப்பக்குவம்"னு போட்டிருந்தோம். அழகான பேருதான், ஆனா அதை யாரு தேடுவா? "ஆவடி இட்லி பொடி"ன்னுதான் தட்டுவாங்க, அதுலயும் நிறைய பேர் இங்கிலீஷ் எழுத்துல. தலைப்பை "இட்லி பொடி, பருத்திப்பட்டு, ஆவடி"ன்னு மாத்தி, இங்கிலீஷ்லயும் போட்டோம். அதுக்காக ஒரே வார்த்தையை இருபது தடவை எழுதக்கூடாது, கூகுள் அதை ஏமாத்து வேலையா எடுத்துக்கும். விலைப்பட்டியல் வெறும் போட்டோவா இருந்தது, எழுத்தா தட்டினோம். பொடி விக்கிற இடத்தை கூகுள் மேப்புல இலவசமா பதிஞ்சோம். சரிபார்க்க வீடியோ கேட்டாங்க, மெஷின் சத்தத்தோட எடுத்து அனுப்பினேன்.

பலன் தெரிய வாரக்கணக்குல, சமயத்துல மாசக்கணக்குலகூட ஆகும். போன வாரம் திருமுல்லைவாயல்லேருந்து ஒரு அம்மா தேடிப் பார்த்துக் கூப்பிட்டாங்க, ரெண்டு கிலோ. அந்த ஆறாயிரத்தை மாசம் ஐநூறா நான் சேமிப்புல திருப்பிக் கட்டிக்கிட்டு வர்றேன்.